புகையைப் பலமாக்கிய பொறியியலாளர் அல்பிரட் பூஹி

இலண்டன் மாநகரில் எங்கடை ஆட்கள் எத்தனையோ பேர் பஸ் ஓட்டுகிறார்கள், மினிகாப் ஓட்டுகிறார்கள், கராஜ்களில் வேலை செய்கிறார்கள். இவர்களுக்கு டேர்போ என்பது பழகிப்போன சொல். ஆனால் அதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் பெயர் சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு. றூடொல்வ் டீசல் என்பவரின் பெயர் என்ஜினோடேயே ஒட்டிவிட்டது. அந்த என்ஜினுக்குப் பலம் கூட்டிக் கொடுத்தவரின் பெயரோ மறைந்துபோய்விட்டது. இந்தச் சித்திரை மலரில் அவரைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்று நினைத்தோம்.

அல்பிரட் பூஹி 1879 ஆம் ஆண்டு யூலை 11 ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் வின்ரர்தூர் நகரில் பிறந்தார். இன்று எமது உறவுகள் பலர் வாழும் சூரிச் மாநிலத்தில்தான் இந்த ஊர் இருக்கிறது. தகப்பனார் சுல்சர் என்ற பெரிய இயந்திரத் தொழிற்சாலையில் உயர் பதவியில் இருந்தவர். மகனும் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்து 1903 இல் பட்டம் பெற்றார். பிறகு பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேலை செய்தார். பிறநாட்டில் வேலை பார்த்த இந்தக் காலத்தில்தான் ஒரு யோசனை அவரைப் பிடித்துக்கொண்டது.

என்ஜினில் எரிக்கும் எண்ணெயின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியே போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கிய எண்ணெய், பாருங்கோ, காற்றோடு போகிறது! அந்தப் புகையால் ஒரு சில்லைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் கூடுதல் காற்றை அமுக்கிச் சிலிண்டருக்குள் அனுப்பினால் என்ன? காற்றுக் கூடினால் கூடுதல் எண்ணெயை எரிக்கலாம். அதே அளவு என்ஜின் கூடப் பலம் தரும். 1905 நவம்பர் 16 இல் ஜேர்மனியில் இதற்குக் காப்புரிமை பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 26.

யோசனை சுலபம், செய்து காட்டுவது அல்லவோ கஷ்டம்! அவர் ஊர் திரும்பிச் சுல்சரில் சேர்ந்தார். 1911 இல் அங்கே பரிசோதனை நிலையம் தொடங்கப்பட்டது. 1915 இல் செய்துபார்த்த முதல் என்ஜினில் காற்றின் அமுக்கம் நிலைத்து நிற்கவில்லை. பிரான்சில் றாற்றோ, அமெரிக்காவில் மொஸ் ஆகியோர் முதலாம் உலகப்போர்க் காலத்தில் விமான என்ஜின்களுக்கு இதே வழியை முயன்றார்கள். பூஹி டீசலையே பிடித்துக்கொண்டு நின்றார்.

வழி பிறந்தது 1925 இல். அவர் கவனித்த விடயம் சில்லு மட்டுமல்ல, அதற்குப் புகையைக் கொண்டுவரும் குழாய்களும்தான். எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் ஒரே பெரிய குழாயில் கலக்கவிட்டால் என்ன நடக்கும்? நாலு வீட்டுக்கு ஒரே ஒழுங்கை என்று வைத்துக்கொள்ளுங்கோ. ஒரு வீட்டிலிருந்து ஆட்கள் தள்ளிக்கொண்டு வெளிவரும் நேரம், பக்கத்து வீட்டுப் படலை திறந்து கிடந்தால் கூட்டம் அதற்குள்ளும் புகுந்துவிடும். என்ஜினிலும் இதே கதைதான். நாலு சிலிண்டர் என்ஜினில் அரைச் சுற்றுக்கு ஒருமுறை ஒரு சிலிண்டர் புகையை வெளியே தள்ளுகிறது. ஆனால் ஒவ்வொன்றின் வால்வும் அரைச் சுற்றுக்கு மேலாகத் திறந்திருக்கிறது. ஆகவே 1 ஆம் சிலிண்டர் தன் கடைசிப் புகையை விடும்போது 3 ஆவதின் புகை அடித்துக்கொண்டு வந்து அதற்குள் திரும்பப் புகுகிறது. புதுக்காற்று வர இடமில்லாமல் போகிறது.

பூஹி குழாய்களைப் பிரித்தார். ஒன்றையொன்று இடைஞ்சல் பண்ணாத சிலிண்டர்களை ஒரு குழாயில் சேர்த்தார். 1-3-4-2 என்ற ஒழுங்கில் எரியும் என்ஜினில் 1 உம் 4 உம் ஒரு குழாய், 2 உம் 3 உம் மற்றக் குழாய். இப்போது ஒரே குழாயில் இரண்டு புகை அடிகளுக்கிடையே ஒரு முழுச் சுற்று இடைவெளி கிடைக்கும். ஆறு சிலிண்டரில் பொதுவாக 1, 2, 3 ஒரு பக்கம், 4, 5, 6 மறுபக்கம். குழாயை ஒடுக்கமாகவும் கட்டையாகவும் வைத்தால் புகையின் அடி வலுக்குறையாமல் சில்லில் போய் விழும். கூடவே, புகை வால்வும் காற்று வால்வும் கொஞ்சநேரம் ஒன்றாகத் திறந்திருக்கச் செய்தார். மிஞ்சிய புகையைப் புதுக்காற்று துடைத்துத் தள்ளிவிட்டது.

பலன் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. புறொய்சன், ஹன்செஸ்ராட் டான்சிக் என்ற இரண்டு ஜேர்மன் பயணிகள் கப்பல்களின் பத்துச் சிலிண்டர் என்ஜின்கள் 1750 குதிரைவலுவிலிருந்து 2500 ஆகக் கூடின. அதாவது நாற்பது வீதத்துக்கு மேல்!

1926 இல் பூஹி சுல்சரை விட்டு வெளியேறினார். தகப்பனின் பெயர் சொல்லி இருந்திருக்கக்கூடிய வேலை அது. வயதோ 47. பாடனில் இருந்த பிறவுண் பொவேரி கம்பனி டேர்போவைச் செய்ய, வின்ரர்தூரின் ரயில் என்ஜின் தொழிற்சாலை பரிசோதனைக்கு டீசல் என்ஜின் கொடுக்க, மூவரும் கூட்டாக இறங்கினார்கள். 1938 இல் அவர் படித்த சூரிச் கல்லூரியே அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. அதே ஆண்டில் சவுறர் என்ற சுவிஸ் கம்பனி லொறிக்கும் டேர்போ பூட்டியது. 1959 ஒக்டோபர் 27 இல் தான் பிறந்த வின்ரர்தூரிலேயே காலமானார். பிறந்த ஊரிலேயே கண்மூடும் பாக்கியம் எங்களில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

1975 இல் கனடாவிலிருந்து இலங்கை ரயில்வேக்கு வந்த எம்-4 என்ஜின்களிலும் டேர்போ இருந்தது. இன்று இலண்டனில் ஓடும் டீசல் லொறிகளிலும் பூஹியின் கைவண்ணம் இருக்கிறது. கார்ப் பிரியர்களான எமது இளைஞர்கள் இரட்டை வழி டேர்போ என்று பெருமையாகச் சொல்வதும் அவருடைய பழைய பாடம்தான். பிரித்த குழாய்களைச் சில்லுக்குக் கிட்ட வரும்வரை பிரித்தே வைக்கவேண்டும். இடையில் கலக்கவிட்டால் செலவழித்த காசு வீண். குழாய் சூட்டில் நீளும், அதற்கும் இடம் விட்டுத்தான் செய்யவேண்டும். இப்படி ஏதும் மாற்றம் செய்தால் காப்புறுதிக் கம்பனிக்கு அறிவிக்க மறக்கவேண்டாம் தம்பிமாரே.

26 வயதில் தோன்றிய யோசனை 46 வயதில்தான் கைகூடியது. இடையில் இருபது வருடங்கள், ஒரு உலகப்போர், ஒரு பெரிய தோல்வி. ஊரில் படித்த படிப்புக்கு இங்கே வேலை கிடைக்கவில்லை என்று மனம் சோர்ந்திருக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும், பரீட்சையில் ஒருமுறை தவறிய பிள்ளைகளும் அந்த இருபது வருடத்தை ஒருக்கால் நினைத்துப் பார்க்கட்டும். அனைவருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.