திவாலில் இருந்து மீண்ட உணவுத் தொழிலதிபர் ஹென்றி ஹெய்ன்ஸ்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1844 அக்டோபர் 11-ஆம் தேதி, ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்தவர் ஹென்றி ஜான் ஹெய்ன்ஸ். சிறுவயதில் வீட்டுத் தோட்டத்துக் காய்கறிகளை விற்றுத் தொழில் பழகினார். 1869-இல் கூட்டாளியுடன் சேர்ந்து, காரமான ஒருவகைக் கிழங்குத் துருவலைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கினார். போட்டியாளர்கள் மலிவான கலப்படத்தை நிறக் கண்ணாடிக்குள் மறைத்த காலத்தில், அவர் தெளிந்த கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தார்.

1875-இல் அந்நிறுவனம் திவாலானது. சட்டக் கட்டாயம் இல்லாதபோதும், கடன் கொடுத்தவர்களின் பெயர்களைக் குறித்துவைத்து, தம் பங்கைப் பின்னர் திருப்பிச் செலுத்தினார். 1876-இல் சகோதரர், உறவினர் துணையுடன் மீண்டும் தொழில் தொடங்கியபோது தக்காளிக் கெட்சப்பும் சந்தைக்கு வந்தது. 1896-இல் ‘57 வகைகள்’ என்ற விளம்பரத்தை அறிமுகப்படுத்தினார். அப்போதே அவரது தயாரிப்புகள் 60-ஐக் கடந்திருந்தன.

சக உற்பத்தியாளர்கள் பலர் எதிர்த்த தூய உணவு, மருந்துச் சட்டத்தை அவர் ஆதரித்தார். 1906-இல் அது நிறைவேறியது. 1919 மே 14-இல் காலமானார்.

2015-இல் அவரது நிறுவனம் கிராஃப்ட் நிறுவனத்துடன் இணைந்தது. மளிகைக் கடை அலமாரியில் தனித்தனிப் பெயர்களாக நின்ற இரண்டும் ஒரே உரிமையின்கீழ் வந்தன. ஆயினும் ஹெய்ன்ஸ் என்ற பெயர் அழிக்கப்படவில்லை; திவாலுக்குப் பின் அவர் மீட்டெடுத்த நம்பிக்கையே அதன் முதலீடு.