நிலைத்த பொருளியல் கண்ட ஜே. சி. குமரப்பா

தமிழகம் ஈன்ற பொருளியல் அறிஞர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஜே. சி. குமரப்பா. உற்பத்தி ஆண்டுதோறும் பெருகுவதே முன்னேற்றம் என்று உலகம் நம்பிய காலத்தில், அப்பெருக்கத்துக்கு இயற்கை ஓர் எல்லை வகுத்துள்ளது என எடுத்துரைத்தவர் அவர். நம் கொடைரோட்டுக்குத் தெற்கே, மதுரையையும் திருமங்கலத்தையும் கடந்து சென்றால் வரும் டி. கல்லுப்பட்டியில்தான் அப்பெருமகனார் தம் இறுதிக் காலத்தைக் கழித்தார். நமக்கு இத்துணை அண்மையில் வாழ்ந்தவரை நாம் அறிந்துகொள்ளாதிருத்தல் முறையன்று.

குமரப்பா 1892ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் தஞ்சையில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். குமரப்பா என்பது பின்னர் அவர் ஏற்ற முன்னோர் பெயர். இலண்டனில் கணக்காய்வுக் கலை பயின்று, பம்பாயில் கணக்காய்வாளராகத் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று சிராக்கியூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் கற்றார். இந்திய மக்களின் வறுமைக்கும் ஆங்கில அரசின் நிதிக்கொள்கைக்கும் உள்ள தொடர்பைக் கொலம்பியாவில் ஆராய்ந்தார். மேனாட்டு உடையும் நடையும் விரும்பிய அவரது வாழ்வை அவ்வாய்வே மாற்றியது.

1929ஆம் ஆண்டு மே மாதம் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். அடிகளார் அவரிடம் ஒப்படைத்த முதற்பணி, குசராத்தின் கேடா மாவட்டத்தில் மாத்தர் வட்டத்துச் சிற்றூர்களின் பொருளாதார நிலையை ஆராய்வதாகும். ஊர் ஊராகச் சென்று உழவரின் வரவையும் செலவையும் கடனையும் கணக்கிட்டார். 1934இல் பீகார் நிலநடுக்கத் துயர்துடைப்புப் பணியின் கணக்குகளைக் கண்காணித்தபோது, காந்தியடிகளுடன் வந்த குழுவினரின் செலவுக்குக்கூட அந்நிதியிலிருந்து பணம் தர மறுத்தார். அடிகளாரும் அக்கண்டிப்பை ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டின் இறுதியில் அமைந்த அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராகி, வார்தாவில் எண்ணெய் ஆட்டுதல், காகிதம் செய்தல் போன்ற தொழில்களைச் செம்மைப்படுத்த உழைத்தார்.

நாட்டு விடுதலைக்காகப் பன்முறை சிறை சென்றவர் குமரப்பா. 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தையொட்டிச் சிறைப்பட்டிருந்த காலத்தில் உருவானவையே இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றிய நூலும், ‘நிலைத்த பொருளாதாரம்’ என்னும் நூலும். இறைப்பற்றும் பொருளியலும் அவருக்கு வேறுவேறானவை அல்ல.

இயற்கை வளத்தை அவர் இருவகையாகப் பகுத்தார். நிலக்கரி, கல்லெண்ணெய், உலோகத் தாதுக்கள் ஆகியன இருப்பில் உள்ளவை. எடுக்க எடுக்கக் குறைபவை. மழைநீர், மரஞ்செடி, கால்நடை ஆகியன ஓட்டத்தில் உள்ளவை. அளவறிந்து கொள்ளின் மீண்டும் மீண்டும் கிடைப்பவை. முதல் வகையின்மீது எழும் செல்வம் நில்லாது என்றும், அதன்பொருட்டு நாடுகள் போரிடும் என்றும் அவர் கண்டார். தோட்டத்துக் கனியைப் பறித்துச் செல்லும் குரங்கு அங்கே எதையும் விட்டுச் செல்வதில்லை. தேனை எடுக்கும் தேனீயோ மகரந்தம் பரப்பிப் பூவைக் காயாக்குகிறது. மனிதன் தேனீயின் வழியைப் பின்பற்ற வேண்டும் என்பதே அவர் கோட்பாட்டின் சாரம். கணக்காய்வாளரான அவருக்கு, முதலை எடுத்துச் செலவிட்டுவிட்டு அதனை வருமானம் என எழுதுவது பொய்க்கணக்காகவே தோன்றியிருக்கும்.

இக்கணக்கு நம் மாவட்டத்துக்கும் பொருந்துவதே. ஒரு காலத்தில் தமிழகத்தில் தோலை ஆவாரம் பட்டை கொண்டு பதனிட்டனர். ஆவாரை வெட்டிய பின்னும் தழைக்கும் செடி. பின்னர்ப் பெருகிய குரோமிய முறை விரைவானது, உற்பத்தியும் உயர்ந்தது. ஆயின் திண்டுக்கல்லைச் சுற்றிலும் கிணற்றுநீர் கெட்டது. தமிழகத்துத் தோல் தொழிற்சாலைக் கழிவுகள் குறித்து 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, நம் மாவட்டத்துத் தொழிற்சாலைகளையும் உள்ளடக்கியது. தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதென்னும் மதிப்பீட்டையும் அத்தீர்ப்பு சுட்டியது.

இதனைக் கூறுகையில் நன்றி மறத்தலும் ஆகாது. தோல் தொழில் நம் சமுதாயத்தார் பல்லாயிரவர்க்கு உணவளித்தது. வாணியம்பாடி, ஆம்பூர் போன்ற ஊர்களில் தோல் வணிகரின் ஈகையால் கல்விக்கூடங்கள் எழுந்தன. வளர்ச்சியே வேண்டாம் எனின், வேலையற்ற இளைஞனுக்கு யார் விடை கூறுவது? குமரப்பாவும் வறுமையை வாழ்த்தியவர் அல்லர். ஏழையின் வயிறு நிறைதல் வேண்டும், தொழில் ஊர்தோறும் பரவுதல் வேண்டும் என்றே பாடுபட்டார். உழுபவனுக்கு நிலத்தில் உரிமை வேண்டுமென, அவர் தலைமையேற்ற காங்கிரஸ் நிலச்சீர்திருத்தக் குழு 1949இல் பரிந்துரைத்தது. அவர் மறுத்தது வளர்ச்சியை அன்று. நாளைய தலைமுறையின் கிணற்றை இன்றே வற்றச் செய்யும் வளர்ச்சியை.

மனிதன் மண்ணின் உரிமையாளன் அல்லன், இறைவனின் பிரதிநிதியே என்பது இஸ்லாம் கற்பிக்கும் நெறி. ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளுச் செய்யினும் நீரை விரயம் செய்தலாகாது என்று அறிவுறுத்தப்பட்ட சமுதாயம் நம்முடையது. வேறு சமயத்தில் பிறந்த குமரப்பா கணக்கின் வழியே கண்டடைந்த உண்மை, நம் பள்ளிவாசல் ஹவுளின் கரையில் நாம் நாளும் பயிலும் ஒழுக்கமேயாகும்.

குமரப்பா 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், இயற்கை எய்தினார். வளர்ச்சியின் எல்லைகள் பற்றிய அறிஞர்களின் அறிக்கை மேலைநாட்டில் வெளிவந்தது 1972ஆம் ஆண்டில்தான். மறு ஆண்டில் ‘சிறியதே அழகு’ நூலை வெளியிட்ட ஷூமாக்கர், குமரப்பாவின் கருத்தை அதில் எடுத்தாண்டார். உலகம் பின்னர் உணர்ந்ததை நம் தமிழர் முன்னரே உரைத்தார் என்பது பெருமைதான். ஆயினும் பெருமை மட்டும் போதாது. வணிகவியல் பயிலும் நம் மாணவர் நாளை ஒரு தொழிலின் இலாபத்தைக் கணக்கிடும்போது, அதன் அருகிலுள்ள கிணற்றின் நீரையும் சுவைத்துப் பார்த்துக் கணக்கில் சேர்ப்பாராயின், அதுவே குமரப்பாவுக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.