மீனாம்பாள் அம்மாவுக்கு வந்த சொத்து



மலருக்கு ஒரு தலைவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள். நான் எடுத்துக் கொண்டது அன்னை மீனாம்பாள் சிவராஜ். என் மகள் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்கு இவரைப் பற்றிப் படித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக் கொண்டே நானும் கேட்டேன். இவ்வளவு நாள் இந்த அம்மாவைத் தெரியாமல் இருந்தோமே என்று மனசுக்குள் பட்டது.

மீனாம்பாள் 1904 டிசம்பர் 26-ல் பர்மா நாட்டு ரங்கூனில் பிறந்தார். அவருடைய தாத்தா பெ.மா. மதுரைப் பிள்ளை அங்கே பெரிய வியாபாரி. தாழ்த்தப்பட்ட சமுதாயத்தில் பிறந்து, சொந்தமாகக் கப்பல் விடும் அளவுக்கு உயர்ந்தவர். சம்பாதித்ததைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. தமிழ்ப் புலவர்களுக்கும் தான தருமத்துக்கும் வாரிக் கொடுத்தார். கப்பலுக்கு மகள் மீனாட்சியின் பெயரை வைத்தார். அந்த மீனாட்சியம்மாவின் மகள்தான் மீனாம்பாள்.

நம்ம ஊரிலும் படகில் மகள் பெயரை ஆசையாக எழுதுகிறோம். ஆனால் ஏரியில் பாடு யாருக்கு வருகிறது? தலைக்கட்டுக் கணக்கில் ஆம்பளப் பிள்ளைக்குத்தான். மகளுக்குப் பெயர் மட்டும்தான் மிச்சம். மீனாம்பாளுக்கு வந்த சொத்து வேறு மாதிரி. அது கப்பலும் இல்லை, பணமும் இல்லை.

அப்பா வாசுதேவப் பிள்ளை சென்னை மாநகராட்சியிலும் சட்டசபையிலும் உறுப்பினராக இருந்து தம் மக்களுக்காகப் பேசியவர். அந்தக் காலத்தில் தாழ்த்தப்பட்ட சனங்கள் பொதுத் தெருவில் நடக்கவும், பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் விடமாட்டார்கள். அந்த உரிமைக்காக 1924-ல் ரெட்டமலை சீனிவாசன் சட்டசபையில் தீர்மானமே கொண்டு வர வேண்டியிருந்தது. தெருவில் நடப்பதற்கு ஒரு தீர்மானம்! அப்படிப்பட்ட காலம் அது.

மீனாம்பாள் கல்யாணம் செய்து கொண்டது ந. சிவராஜ் அவர்களை. அவர் வக்கீல். சட்டக் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். பிறகு அம்பேத்கரோடு சேர்ந்து வேலை செய்து, 1942-ல் அகில இந்தியத் தாழ்த்தப்பட்டோர் சம்மேளனத்துக்குத் தலைவர் ஆனார். 1945-ல் சென்னை மேயராகவும் வந்தார். தாத்தா, அப்பா, புருஷன் மூன்று பேரும் பெரிய ஆட்கள். மீனாம்பாள் நினைத்திருந்தால் வருகிறவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் அப்படி இருக்கவில்லை. 1928-ல் சைமன் கமிஷன் வந்தது. பெரிய கட்சிக்காரர்கள் அதைத் திரும்பிப் போகச் சொன்ன நேரம். தாழ்த்தப்பட்ட மக்கள் குறையைச் சொல்ல ஒரு இடம் கிடைத்திருக்கிறது, அதை விடக்கூடாது என்று மீனாம்பாள் மேடை ஏறி அந்தக் கமிஷனை ஆதரித்துப் பேசினார். ஊர் முழுக்க ஒரு பக்கம் நிற்கும்போது எதிர்ப்பக்கம் நின்று பேச, இருபத்து மூன்று இருபத்து நாலு வயசுப் பெண்ணுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்?

அதற்கப்புறம் அவர் நிற்கவில்லை. 1937-ல் திருநெல்வேலியில் ஆதிதிராவிடர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1938 நவம்பர் 13-ல் சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்தது. ஈ.வெ.ரா. அவர்களுக்குப் பெரியார் என்ற பட்டத்தைக் கொடுத்தது அந்த மாநாடுதான். அதை முன்னால் நின்று நடத்திய பெண்களில் நீலாம்பிகை அம்மையார், டாக்டர் தர்மாம்பாள் இவர்களோடு மீனாம்பாளும் ஒருவர். இன்றைக்கு நாடே சொல்லும் அந்தப் பெயர் பெண்கள் கூடி வைத்த பெயர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அம்பேத்கர் மீனாம்பாளைக் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி நினைத்தார். சென்னைக்கு வந்தால் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறார். 1944-ல் அம்பேத்கர் சென்னை வந்தபோதும், 1945-ல் பம்பாயிலும் நடந்த தாழ்த்தப்பட்ட பெண்கள் மாநாடுகளில் மீனாம்பாள் தலைமை ஏற்றார். சோறும் போட்டார், மாநாடும் நடத்தினார். ஒன்றுக்காக ஒன்றை விடவில்லை.

சென்னை மாநகராட்சி உறுப்பினராக இருந்தார். சம்பளம் வாங்காத கௌரவ மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்து வழக்குக் கேட்டார். பல்கலைக்கழக செனட்டிலும் இருந்தார். தெருவில் நடக்கவே விடாத சனத்தில் பிறந்த பெண் நியாயம் சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்ததை நினைத்துப் பாருங்கள். 1964-ல் சிவராஜ் ஐயா காலமானார். அதற்குப் பிறகும் இருபத்தெட்டு வருஷம் வாழ்ந்து 1992-ல் அம்மா கண் மூடினார்.

அவருக்கு வந்த சொத்து அடுத்தவர்களுக்காக வாய் திறக்கிற பழக்கம். அது தாத்தாவிடம் இருந்தது, அப்பாவிடம் இருந்தது. ஆம்பள வாரிசு என்று பார்க்காமல் பெண்ணிடமும் வந்தது. சும்மா வரவில்லை, அவர் கை நீட்டி எடுத்துக் கொண்டார்.

இதை எழுதும்போது ஒன்றை ஒத்துக் கொள்ள வேண்டும். எங்கள் குழுவுக்குக் கூட்டமைப்பில் பிரதிநிதி நான். தீர்மானப் புத்தகம் எழுதுவதும் நான்தான். கூட்டத்துக்கு ஒரு இருளர் அக்கா வருவாங்க. விடியக்காலம் இடுப்பளவுத் தண்ணியில் இறங்கி, பறியை வாயில் கடித்துக் கொண்டு கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறவங்க. ரெண்டு வருஷமாக வாசல் பக்கமே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவாங்க. உனக்கு என்ன வேணும் அக்கா என்று நானும் கேட்டதில்லை, மற்றவர்களும் கேட்டதில்லை. எங்களுக்குப் பாட்டில் பங்கு இல்லை என்று குப்பத்துப் பெண்களான நாங்கள் ஆதங்கப்படுகிறோம். தண்ணியில் இறங்கினாலே அதட்டல் வாங்குகிறவங்களை நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

போன மாசக் கூட்டத்தில் அந்த அக்காவை என் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கேட்டேன். முதலில் சிரித்தாங்க. அப்புறம் பேசினாங்க. எடை போடும் இடத்தில் தங்கள் இறாலுக்கு மட்டும் விலை குறைக்கிறார்கள் என்றாங்க. அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். விலை இன்னும் மாறவில்லை. அடுத்த கூட்டத்திலும் அதைத்தான் முதலில் எடுக்கப் போகிறோம்.

என் மகள் பெயரில் பாடு எழுத என்னால் முடியாது. அந்தத் தீர்மானப் புத்தகத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். நீங்களும் உங்கள் பெண் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள்.