ஏழு முறை ஜெயித்த கம்பாசிட்டர்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, பழைய ஹாஸ்டல் கதைகளைத்தான் எழுத நினைத்தேன். அதையெல்லாம் என்னைவிட ருசியாகச் சொல்லக்கூடியவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். அதனால் நான் பெரிதும் மதிக்கும் ஓட்டக்காரர் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் கிளாரன்ஸ் டிமார். அமெரிக்காக்காரர். போஸ்டன் மாரத்தானில் ஏழு முறை முதலாவதாக வந்தவர். அந்த ஓட்டத்தில் வேறு எந்த ஆணும் இன்றுவரை அத்தனை முறை ஜெயித்ததில்லை.

1888-ல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தார். எட்டு வயதில் தகப்பனார் காலமாகிவிட்டார். குடும்பம் பெரிது, வருமானம் கிடையாது. தாயார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாசசூசெட்ஸுக்குப் போனார். அங்கேயும் சமாளிக்க முடியாமல், பத்து வயதுப் பையனைப் போஸ்டன் துறைமுகத்துக்குள் இருக்கும் தாம்ப்ஸன் தீவுப் பள்ளியில் விட்டார். ஏழைப் பிள்ளைகளுக்கு விவசாயமும் கைத்தொழிலும் கற்றுக்கொடுக்கும் பள்ளி அது. டிமார் அங்கே கற்றுக்கொண்ட அச்சுத் தொழில்தான் வாழ்நாள் முழுக்க அவருக்குச் சோறு போட்டது.

பிறகு வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். உழைத்துக்கொண்டேதான் படிப்பு. முதலில் மற்ற விளையாட்டுகளை முயன்று பார்த்தார், ஒன்றும் சரிப்படவில்லை. 1909-ல் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் சேர்ந்த பிறகுதான் தனக்கு வருவது எது என்று தெரிந்தது. ஆனால் தாயாரைக் காப்பாற்ற வேண்டியிருந்ததால் பட்டம் வாங்காமலே போஸ்டன் பக்கம் வந்து அச்சகத்தில் கம்பாசிட்டர் ஆனார். பயிற்சிக்குத் தனியாக நேரம் ஏது? வேலைக்குப் போவதும் ஓட்டம், வீட்டுக்குத் திரும்புவதும் ஓட்டம். 1910 போஸ்டன் மாரத்தானில் இரண்டாவதாக வந்துவிட்டார்!

அடுத்த ஆண்டு ஓடுவதற்கு முன்னால் பரிசோதித்த டாக்டர்கள், இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது, இதோடு ஓட்டத்தை விட்டுவிடுவது நல்லது என்றார்கள். டிமார் ஓடினார். 2 மணி 21 நிமிடம் 39 விநாடியில் புதிய சாதனையோடு ஜெயித்தார். (அப்போது போஸ்டன் பாதை இன்றைய மாரத்தான் தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு.) 1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பன்னிரண்டாவது இடம்.

அதற்குப் பிறகு பத்து வருஷம் பெரும்பாலும் ஒதுங்கியே இருந்தார். டாக்டர்களின் எச்சரிக்கை மனசை அரித்தது. மாலை வகுப்புப் படிப்பு வேறு. ஞாயிறு பள்ளி ஆசிரியராக இருந்த பக்திமான் ஆதலால், தன் புகழுக்காக ஓடுவது சரிதானா என்ற கேள்வியும் இருந்தது. நடுவில் உலகப் போர். ஒரு ஓட்டக்காரனுக்குப் பொன்னான வயது அப்படிப் போய்விட்டது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று. இறுதியாண்டில் எனக்கும் ஒருவர் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, இனி ஓடாதே தம்பி என்றார். அன்றைக்குக் கழற்றிய ஸ்பைக் ஷூவை அப்புறம் நான் மாட்டவே இல்லை. நாற்பது வயதுக்கு மேல் வேறொரு பரிசோதனைக்குப் போனபோது, இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். யாரைக் குற்றம் சொல்ல? இன்னொரு இடத்தில் போய்க் கேட்கலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

டிமார் திரும்பி வந்தார். அதுதான் அவருக்கும் எனக்கும் வித்தியாசம். 1922, 1923, 1924 என்று வரிசையாக மூன்று முறை போஸ்டனில் வெற்றி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம். 1927-ல் சாலையில் தார் உருகி ஷூவில் ஒட்டிய வெயிலிலும் ஜெயித்தார். 1928-ல் மறுபடியும். குணத்தில் தங்கக் கம்பி என்று சொல்ல முடியாது. ஓடும்போது குறுக்கே வந்து தொந்தரவு கொடுப்பவர்களிடம் எரிந்து விழுவாராம். ஓட்டம் முடிந்தால் மறுபடி அச்சகத்து வேலைதான். அன்று அமெச்சூர் ஓட்டக்காரனுக்குக் கோப்பை உண்டு, காசு கிடையாது.

1920-களின் கடைசியில் நியூ ஹாம்ப்ஷயரில் கீன் என்ற சிற்றூரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அவரை அழைத்தது. பாடம் நடத்தினார், ஓட்டக்காரர்களுக்குக் கோச்சாகவும் இருந்தார். 1930-ல் தமது 41-வது வயதில் ஏழாம் முறையாகப் போஸ்டனில் ஜெயித்தார். அதைவிட அதிக வயதில் அங்கே பட்டம் வென்ற ஆண் இன்றுவரை இல்லை. மைதான ஓரம் விசில் ஊதி, ஓடு ஓடு என்று விரட்டும் கோச்சுகளை நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தவரோ தானே ஓடிக் காட்டிய வாத்தியார்!

பின்னர் பழையபடி அச்சுத் தொழில், சின்னப் பண்ணை, மனைவி மக்கள். ஓட்டத்தை மட்டும் விடவில்லை. 1954-ல், 65 வயதில், கடைசி முறையாகப் போஸ்டனில் ஓடி 78-வதாக வந்தார். 1958 ஜூனில், எழுபது வயது நிறைந்த சில நாட்களில், வயிற்றுப் புற்றுநோயால் காலமானார்.

கதை அதோடு முடியவில்லை. பால் டட்லி ஒயிட் என்ற புகழ்பெற்ற இதய நிபுணரும் இன்னொரு மருத்துவரும் அவருடைய உடற்கூறு ஆய்வு முடிவுகளை 1961-ல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சாதாரண மனிதருக்கு இருப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தன. எந்த இதயம் தாங்காது என்று சொன்னார்களோ, அதே இதயம்! ஓட்டம் இதயத்தைக் கெடுக்கும் என்ற பயம் உலகத்தில் குறைந்ததற்கு இந்தக் கம்பாசிட்டரும் ஒரு காரணம்.

கீன் நகரில் அவர் பெயரால் ஒரு மாரத்தான் 1978-ல் தொடங்கினார்கள். அவர் கோச்சாக இருந்த அதே கல்லூரியில்தான் அந்த ஓட்டம் வந்து முடியும்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. டாக்டர் சொல்வதைக் கேட்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கேளுங்கள், சந்தேகம் இருந்தால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். ஒரே ஒருவர் சொன்னார் என்பதற்காக ஷூவைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். நான் இப்போது தினமும் காலையில் நம் கல்லூரி மைதானத்தில் நாலு சுற்று நடக்கிறேன். ஐந்தாவது சுற்று மெதுவான ஓட்டம். பார்த்தால் கூட வாருங்கள்.