ஒரே ஒரு ஸ்பிட்ஃபயர் பார்த்த மனிதர்

பிளாஸ்டிக் மாடல் கிட் பார்த்திருக்கிறீர்களா? அட்டைப்பெட்டிக்குள் சட்டத்தோடு ஒட்டிய சின்னச் சின்னப் பாகங்கள், ஒரு படத்தாள், தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் ஸ்டிக்கர். வெட்டி, அரம் போட்டு, ஒட்டி, பெயின்ட் அடித்தால் விமானம் ரெடி! ஹாஸ்டலில் சீனியர் அண்ணன் ஒருத்தர் ஸ்பிட்ஃபயர் கட்டினபோது நான் எடுபிடி. அளவு 1:72. நம்ம டிராயிங் ஹால் கணக்குதான். நிஜத்தில் 6 அடி என்றால் இதில் 1 அங்குலம். 36 அடி 10 அங்குல இறக்கை, உள்ளங்கைக்குச் சற்றே பெரிதாக வந்து உட்கார்ந்துவிடுகிறது.

ஸ்பிட்ஃபயர் கிட்டை விமர்சனம் பண்ணுகிறவர்கள் முதலில் பார்ப்பது இறக்கையைத்தான். அந்த நீள்வட்ட வளைவு கொஞ்சம் நேராகிப் போனாலும் மார்க்கைக் குறைத்துவிடுவார்கள். அந்த வளைவுக்குப் பின்னால் யார் என்று தேடப்போய்த்தான் ரெஜினால்ட் ஜோசப் மிட்செல் எனக்குக் கிடைத்தார்.

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் 1895 மே 20 அன்று பிறந்தார். பள்ளி நாளிலேயே மாடல் விமானம் செய்து பறக்கவிட்ட பையன். 16 வயதில் ஸ்டோக் நகரில் ரயில் எஞ்சின் செய்யும் கெர் ஸ்டூவர்ட் கம்பெனியில் அப்ரண்டிஸ். பகலில் வொர்க்‌ஷாப், பிறகு டிராயிங் ஆபீஸ். ராத்திரியில் நைட் ஸ்கூல்... டிராயிங், மெக்கானிக்ஸ், கணிதம். யுனிவர்சிட்டி டிகிரி கிடையாது! எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அதனால் இந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் அப்பா பள்ளி ஆசிரியர், எங்கப்பா கொத்தனார். இரண்டும் ஒன்றில்லை.

1917-ல் சவுத்தாம்ப்டனில் சூப்பர்மரைன் கம்பெனி. 24 வயதில் தலைமை டிசைனர். கடல் விமானங்களுக்கான ஷ்னைடர் கோப்பைப் பந்தயத்தில் 1927, 1929, 1931 மூன்று முறையும் இவர் விமானம்தான் ஜெயித்தது. 1931-ல் அவருடைய எஸ்.6பி மணிக்கு 655 கிலோமீட்டர் ஓடி உலக சாதனை!

அப்பேர்ப்பட்டவர் 1934-ல் விமானப்படைக்குச் செய்து கொடுத்த போர் விமானம் (டைப் 224) படுதோல்வி. தடித்த இறக்கை, மடங்காத சக்கரம், எஞ்சினைக் குளிரவைக்கும் நீராவி ஏற்பாட்டில் ஓயாத தொல்லை. வேகம் 370 கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை. விமானப்படை வாங்கவில்லை.

அதற்கு முந்தின வருஷம்தான் அவருக்குக் குடல் புற்றுநோய் ஆபரேஷன் நடந்திருந்தது. வயிற்றில் செயற்கை வழி வைத்த உடம்போடு மனுஷன் மறுபடி டிராயிங் போர்டுக்கு வந்தார். சும்மா வரல, 1934-ல் விமானம் ஓட்டக் கற்று லைசென்ஸும் வாங்கினார்!

புது இறக்கை மெல்லிசு. ஆனால் துப்பாக்கியும் மடங்கும் சக்கரமும் உள்ளே அடங்கணும். நீள்வட்டம் என்றால் அடிப்பக்கம் அகலமாக இருக்கும், இடம் கிடைக்கும், காற்றின் இழுப்பும் குறையும். இந்தக் கணக்கில் பெவர்லி ஷென்ஸ்டோன் என்ற கனடாக்காரருக்குப் பெரிய பங்கு உண்டு. இறக்கையின் அடி 2 டிகிரி மேல்நோக்கி, நுனி அரை டிகிரி கீழ்நோக்கி முறுக்கப்பட்டிருக்கும். வேகம் ரொம்பக் குறைந்தால் அடிப்பக்கம் முதலில் தூக்கும் சக்தியை இழந்து உதறும். அந்த உதறல்தான் பைலட்டுக்கு எச்சரிக்கை. கிட் கட்டுகிற எத்தனை பேர் இந்த முறுக்கைப் பார்க்கிறார்களோ!

1936 மார்ச் 5. ஈஸ்ட்லீ மைதானத்தில் கே5054 என்ற எண்ணோடு முதல் ஸ்பிட்ஃபயர் பறந்தது. ஜூனில் 310 விமானங்களுக்கு ஆர்டர். ஆனால் அந்த வளைவைத் தகட்டில் கொண்டுவருவது ஃபேக்டரிக்குப் பெரும்பாடு. நாள் இழுத்தது. நோய் திரும்பியது. வியன்னா வரை போய் வைத்தியம் பார்த்தும் பலனில்லை. 1937 ஜூன் 11 அன்று, 42 வயதில், மிட்செல் இறந்தார்.

அவருக்குப் பின் ஜோசப் ஸ்மித் வேலையைத் தொடர்ந்தார். 1948 வரை 20,000-க்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் செய்யப்பட்டன. பிளாஸ்டிக்கில் வந்தவற்றுக்குக் கணக்கே கிடையாது. மிட்செல் பறக்கப் பார்த்தது கே5054 ஒன்றைத்தான். இரண்டாவது பறந்தது 1938 மே மாதம். அவர் போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.