குடியரசுக் காவலர் சிசரோ

கணிதம் பயிலும் மாணவனாகிய நான் உரோமாபுரி வரலாற்றுக்குள் நுழைந்தது ஒரு கல்லறையின் வழியாகத்தான். ஒரு கோளத்தின் கன அளவு, அதைச் சரியாக உள்ளடக்கும் உருளையின் கன அளவில் மூன்றில் இரண்டு பங்கு என்று கண்டறிந்தவர் ஆர்க்கிமிடிஸ். அவ்விரு உருவங்களும் அவருடைய கல்லறைத் தூணில் இடம்பெற்றன. கி.மு. 212-இல் அவர் கொல்லப்பட்டார். 137 ஆண்டுகள் கழித்து, சிசிலித் தீவுக்கு நிதி அதிகாரியாக வந்த ஓர் இளைஞர் அந்தக் கல்லறையைத் தேடினார். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று உள்ளூர் மக்களே சாதித்தார்கள். முட்புதர்களுக்கு மேலே தலைநீட்டிய ஒரு சிறு தூணில் கோளமும் உருளையும் அவர் கண்ணில் பட்டன. புதரை வெட்டச் செய்து, மறக்கப்பட்ட மேதையின் கல்லறையை மீட்டார். அந்த இளைஞர்தாம் மார்க்கஸ் துல்லியஸ் சிசரோ.

யார் இந்தச் சிசரோ? கி.மு. 106, ஜனவரி 3 அன்று, உரோமிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆர்ப்பினம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். வசதியான குடும்பந்தான். ஆயினும் அக்குடும்பத்தில் எவரும் அதுவரை உரோமின் உயர் பதவி எதையும் வகித்ததில்லை. பழங்குடிப் பிரபுக்கள் இத்தகையவர்களைப் 'புதிய மனிதர்' என்று ஏளனமாகக் குறிப்பிடுவார்கள். அவருடைய பெயரும் கேலிக்கு இடமளித்தது. கொண்டைக்கடலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அதை மாற்றிக்கொள்ளும்படி நண்பர்கள் வற்புறுத்தியபோதும் அவர் இணங்கவில்லை.

அன்றைய உரோம் ஒரு குடியரசு. மன்னனை விரட்டிவிட்ட அந்த மக்கள், ஆட்சித் தலைமையை இரண்டு கான்சல்களிடம் ஒப்படைத்தனர். பதவிக்காலம் ஓராண்டே. ஒருவர் ஆணையை மற்றவர் தடுக்கலாம். செனட் சபை ஆலோசனை கூறும். மக்கள் மன்றங்கள் சட்டம் இயற்றும். முடியாட்சி, மேலோர் ஆட்சி, மக்களாட்சி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் கலவை இது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் விளக்கினார். குறைகளும் இருந்தன. அடிமைகளுக்கும் பெண்களுக்கும் வாக்கில்லை. செல்வர்களின் வாக்குக்கே எடை அதிகம். ஆயினும் ஓர் அரிய உரிமை அங்கே இருந்தது. மரண தண்டனைக்கு ஆளாகும் குடிமகன் மக்களிடம் முறையிடலாம். விசாரணையின்றி அவன் உயிரைப் பறிக்க எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை.

அந்த உரிமைக்காகவே சிசரோவின் நா முழங்கியது. சிசிலியைக் கொள்ளையடித்த ஆளுநர் வெர்ரஸ் மீது கி.மு. 70-இல் அவர் வழக்குத் தொடுத்தார். சான்றுகள் திரட்ட 110 நாள் அவகாசம் பெற்றவர், 50 நாளிலேயே அப்பணியை முடித்தார். வெர்ரஸ் செய்த கொடுமைகளுள் உச்சமானதாக அவர் எடுத்துக்காட்டியது எது தெரியுமா? தான் உரோமக் குடிமகன் என்று கதறிய ஒருவனைச் சிலுவையில் அறைந்ததுதான். வழக்கு முடியுமுன்பே வெர்ரஸ் நாட்டைவிட்டு ஓடினான். கடலைப் பெயர்க்காரர் உரோமின் முதல் வழக்கறிஞரானார்.

கி.மு. 63-இல் அவரே கான்சல் ஆனார். அந்த ஆண்டில்தான் சோதனையும் வந்தது. காட்டிலைன் என்னும் பிரபு ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தான். சிசரோ சதியை வெளிப்படுத்தினார். நகருக்குள் இருந்த ஐவர் பிடிபட்டனர். அவர்களை என்ன செய்வது? டிசம்பர் 5 அன்று செனட் விவாதித்தது. சிறையில் வைத்தால் போதும் என்றார் ஜூலியஸ் சீசர். கொன்றே தீரவேண்டும் என்றார் கேட்டோ. நாட்டுக்கு எதிராகக் கிளம்பியவர்கள் குடிமக்களே அல்லர் என்பது சிசரோவின் வாதம். அன்று மாலையே ஐவரும் வழக்கு விசாரணையின்றிச் சிறையில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டனர். மக்கள் ஆரவாரம் செய்தார்கள். தாயகத்தின் தந்தை என்ற பட்டமும் கிடைத்தது.

நண்பர்களே, இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்தேன். சென்ற ஆண்டு எங்கள் தெருவில், ஆடு திருடினான் என்று ஒருவனை மின்கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். மனு எழுதவும், படிவம் நிரப்பவும் தெருவே என்னிடம் வரும். என் சொல்லுக்கு அங்கே மதிப்புண்டு. என்ன செய்யலாம் என்று ஒரு பெரியவர் அன்று என்னைக் கேட்டார். காவல் நிலையம், வழக்கு, வாய்தா என்று அலைவதைவிட இதுவே சரி என்றேன். அவன் உண்மையில் திருடினானா என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. மறுநாளே அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான்.

சிசரோவை அந்த டிசம்பர் மாலை விடவில்லை. விசாரணையின்றிக் குடிமகனைக் கொன்றவன் நாடு கடத்தப்படுவான் என்று கி.மு. 58-இல் அவருடைய பகைவன் குளோடியஸ் சட்டம் கொண்டுவந்தான். சிசரோ வெளியேறினார், அவர் வீடு இடிக்கப்பட்டது. அந்த இடத்திலேயே சுதந்திரத் தேவிக்கு ஓர் ஆலயம் எழுப்பினான் குளோடியஸ்! அடுத்த ஆண்டு சிசரோ திரும்பி வந்தார். பின்னர், குடியரசைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அரசு என்பது மக்களின் பொதுச்சொத்து, வெறுங்கூட்டம் மக்களாகிவிடாது, சட்டத்தை ஒப்புக்கொண்டு பொதுநலனில் பங்குகொள்வோரே மக்கள். இதுவே அந்நூலின் சாரம். பல நூற்றாண்டுகள் காணாமற்போயிருந்த அதன் ஒரு பகுதியை, 1819-இல் வாடிகன் நூலகத்தில், சுரண்டப்பட்டு மேலே வேறொரு நூல் எழுதப்பட்ட தோல் ஏட்டிலிருந்து மீட்டெடுத்தார்கள்.

கி.மு. 44-இல் சீசர் கொல்லப்பட்டபின், சர்வாதிகாரத்தை நோக்கி நடந்த மார்க் ஆண்டனியை எதிர்த்துச் சிசரோ 14 உரைகள் இயற்றினார். உயிருக்கு ஆபத்து என்று அறிந்தே செய்தார். மறு ஆண்டு ஆண்டனி, ஆக்டேவியன், லெப்பிடஸ் மூவரும் கூடி, கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டனர். வழக்கில்லை, விசாரணையில்லை. டிசம்பர் 7 அன்று சிசரோ வெட்டுண்டு மாண்டார். அவர் முழங்கிய மேடையிலேயே அவருடைய தலையும் எழுதிய கையும் காட்சிக்கு வைக்கப்பட்டன. நல்ல நோக்கத்துக்காக ஒருநாள் தாண்டிய வேலியைப் பிறகு பொல்லாதவர்கள் பிடுங்கியே எறிந்துவிட்டார்கள்.

சிசரோவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. குடியரசுக்காக உயிரையே தந்தவர் அவர். அவரே சறுக்கினார் என்றால் நாம் எம்மாத்திரம்? 1950, ஜனவரி 26 முதல் நாமும் குடியரசின் மக்கள். கைது செய்யப்பட்டவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தவேண்டும் என்பது நம் அரசியலமைப்பின் பொது விதி. அந்த விதி ஏட்டில் இருந்தால் போதாது. எங்கள் தெரு மின்கம்பத்தடியிலும் இருக்கவேண்டும். அங்கே இன்னொரு முறை கூட்டம் கூடினால், கட்டை அவிழ்க்கச் சொல்லும் முதற்குரல் என்னுடையதாக இருக்கும்.