நாவலர் கண்ட வித்தியாசாலை

நல்லூர் ஆறுமுக நாவலர் அவர்களைச் சைவங் காத்த பெரியார் என்றும், வசனநடை கைவந்த வல்லாளர் என்றும் நாம் போற்றுகின்றோம். பள்ளிக்கூடம் நடத்துதற்குப் பொருள் தேடி உழன்ற உபாத்தியாயராக அவரை நினைப்பார் சிலரே. அந்த நாவலரை இம்மலரில் நினைவுகூர்தல் பொருத்தமாகும்.

1822 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியாருக்கும் புதல்வராய்த் தோன்றிய அவர், தமிழை மரபு வழியாகவும், ஆங்கிலத்தை யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலும் கற்றார். அப்பாடசாலையிலேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். அதன் தலைவரான பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணை புரிந்தார். பாதிரிமார் பள்ளிக்கூடத்தை நடத்தும் ஒழுங்கை உள்ளிருந்தே கண்டவர் அவர். வகுப்புப் பிரிவு, காலவரையறை, அச்சிட்ட பாடநூல் ஆகிய இவற்றின் பயனை நன்குணர்ந்தார்.

அக்காலத்தில் ஆங்கிலக் கல்வியே உத்தியோகத்துக்கு வாயிலாயிருந்தது. துரைத்தனத்தாரின் உதவிப் பணமோ பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளுக்கே சென்றது. ஆதலின் சைவப் பிள்ளைகள் தஞ்சமயத்தை விடுதல், அன்றேல் கல்வியை விடுதல் என்னும் இரண்டில் ஒன்றைத் தேர வேண்டியவராயினர். இந்நெருக்கடிக்கு விடையாகவே நாவலர் 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, அவ்வாண்டிலேயே மிஷன் பாடசாலைப் பதவியைத் துறந்தார். இல்லறமும் வேண்டாது தம் வாழ்நாளை இப்பணிக்கே அளித்தார்.

மாணாக்கரிடம் சம்பளம் பெறாது கற்பித்தல் அங்கு வழக்கமாயிற்று. கற்பிக்க நூல் வேண்டுமே! 1849 ஆம் ஆண்டு தமிழகஞ் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். அப்பயணத்திலேயே திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கிற்று. பாலபாடங்கள், சைவ வினாவிடைகள், இலக்கணச் சுருக்கம் என அவர் ஆக்கிய நூல்கள் சிறுவர் படிப்படியாய் ஏறுதற்கு அமைந்த ஏணியாயின. 1864 ஆம் ஆண்டு சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலையை நிறுவினார்.

1869 ஆம் ஆண்டு இலங்கையிற் பொதுக் கல்வித் திணைக்களம் தோன்றி, உலகியற் பாடங்களின் பரீட்சைப் பேற்றைக் கொண்டு நன்கொடை வழங்கும் முறை ஏற்பட்டது. அதற்குமுன் இருபதாண்டுக்கு மேலாக வண்ணார்பண்ணை வித்தியாசாலை ஊரவர் ஈகையாலும் நாவலர் உழைப்பாலுமே நிலைபெற்றது. 1872 ஆம் ஆண்டு அவர் தொடங்கிய ஆங்கில வித்தியாசாலைக்கோ அந்நற்பேறு வாய்க்கவில்லை. போதிய பொருளின்மையாற் சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது. ஆங்கிலம் வேண்டிய பிள்ளைகள் மீண்டும் மிஷன் பாடசாலைகளின் வாயிலையே நாடினர். நோக்கம் எத்துணை உயர்ந்ததாயினும் நிலையான வருவாயின்றிப் பாடசாலை நில்லாது என்பதை இத்தோல்வி உணர்த்திற்று.

நாவலரிடத்துக் குறை காணாது புகழ்தல் அவர்க்குப் பெருமையன்று. அவர் சாதியாசாரத்தை வலியுறுத்தியவர். அக்காலச் சைவப் பாடசாலைகளின் வாயில் ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்குத் திறக்கப்படவில்லை. ஒரு சாராருக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டு கொதித்த அப்பெருநெஞ்சம் இந்த அநீதியைக் காணாது போயிற்று. ஆயினும் 1877 ஆம் ஆண்டளவிற் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தோர் துயர் தீர்த்தார் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

1879 ஆம் ஆண்டு மார்கழியில் நாவலர் மறைந்தார். விதைத்த விதை வீண்போகவில்லை. 1888 ஆம் ஆண்டு சைவபரிபாலன சபை தோன்றிற்று. 1890 ஆம் ஆண்டு அச்சபை பொறுப்பேற்ற ஆங்கிலப் பாடசாலையே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாய் வளர்ந்தது. தனியொருவராற் தாங்க முடியாததைச் சபை தாங்கிற்று. 1945 ஆம் ஆண்டு இலவசக் கல்வி வந்தமையால் சம்பளம் என்னுந் தடை பெரிதும் நீங்கிற்று. எனினும் சம்பளமில்லாத கல்விக்கும் புத்தகம் வேண்டும், உடை வேண்டும், காலை உணவு வேண்டும்.

பழைய மாணவர்காள்! நாவலரின் ஆங்கிலப் பள்ளி மூடப்பட்டது கற்பார் இன்மையால் அன்று, கொடுப்பார் இன்மையால். கல்லூரி வாயிலை அடைந்த எந்தப் பிள்ளையும் வறுமையாலோ பிறப்பாலோ திரும்பிச் செல்லாதிருக்கச் செய்வதே நாவலர்க்கு நாம் செலுத்தும் கடனாகும். அவர் செய்ததைத் தொடர்வதும், அவர் செய்யாது விட்டதைச் செய்து முடிப்பதும் அக்கடனுள் அடங்கும்.